வீட்டு வாலையில் வடித்த வோட்கா: தூய்மை இருக்கிறது, நாவில் நிற்கும் தன்மை இல்லை

கேள்வி
டோங்காட், குவாசுலு-நடால், தென்னாப்பிரிக்கா

அனைவருக்கும் வணக்கம். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்த எங்கள் பக்கத்தவர்களுக்கு நிறமற்ற சாராயம் என்றதும் கரும்பில் வடிக்கும் கேன்தான் நினைவுக்கு வரும். நான் வடிக்க விரும்புவது கேன் அன்று. வெள்ளை மீலி (மக்காச்சோள) மாவில் ஊறல் போட்டு, தானியத்தின் மெல்லிய சாயல் கடைசியில் ஒரு மூச்சளவு மட்டும் தெரியக்கூடிய, நாவில் சற்று வழவழப்பாக அமர்ந்து பின் இறங்கக்கூடிய வோட்காவை வடிக்க வேண்டும் என்பது இரண்டு ஆண்டுகளாக எனக்குள்ள ஆசை. கலால் அனுமதியை முறைப்படி பெற்று, விற்பனை நோக்கம் எதுவும் இல்லாமல், வீட்டுக்குப் பின்னாலுள்ள கொட்டகையில் இதைச் செய்து வருகிறேன்.

என் ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொதிகலன் 25 லிட்டர்; அதற்கு 2 கிலோவாட் மின்சூடேற்றி. அதன்மேல் ஒரு மீட்டர் உயரமுள்ள தூண். உள்ளே செம்பு வலை நிரப்பியிருக்கிறேன். ஊறலுக்கு 5 கிலோ மீலி மாவு, உம்கொம்போத்தி என்ற நாட்டு பீர் காய்ச்சுவதற்காகக் கடைகளில் விற்கும் சோளமால்ட் (முளைகட்டி உலர்த்திய சோளம்) ஒரு கிலோ, 20 லிட்டர் தண்ணீர். நொதித்து முடிந்ததும் துணியில் வடிகட்டி, முதலில் ஒருமுறை வேகமாக வடித்தெடுத்து, பிறகு தூணில் மெதுவாக 95 விழுக்காடு வரை ஏற்றுகிறேன். குழாய்த் தண்ணீர் சேர்த்து 43 விழுக்காட்டுக்கு இறக்கி, தேங்காய்ச் சிரட்டைக் கரியில் இருமுறை வடிகட்டுகிறேன்.

கிடைப்பது கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. குறை சொல்லும்படியான வாடையும் இல்லை. ஆனால் வாயில் வைத்தால் ஒன்றுமே இல்லாத இடத்தில் திடீரென்று ஒரு சுருக்கு மட்டும் தோன்றித் தொண்டையைப் பிடிக்கிறது. கடையில் வாங்கும் நல்ல கோதுமை வோட்காவில் இருக்கும் அந்தக் கனம் வரவில்லை. லிட்டருக்கு 5 மில்லிலிட்டர் கிளிசரின் சேர்த்துப் பார்த்தேன். கனம் வருவதற்குப் பதிலாக ஒரு தித்திப்பு உதட்டில் தங்கிவிட்டது. சென்ற வாரம் தண்ணீர் கலந்த இரண்டு புட்டிகளில் மறுநாள் மெல்லிய வெண்மூட்டமும் தெரிந்தது. சுவையும் வழவழப்பும் எந்தக் கட்டத்தில் வருகின்றன, நான் எந்தக் கட்டத்தில் அவற்றை இழக்கிறேன் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்லித் தர வேண்டுகிறேன்.


மறுமொழி
பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தம்பி, வணக்கம். உங்கள் விவரத்தைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். தானியத்தின் சாயல் வேண்டும் என்று ஆசைப்பட்டு, அந்தச் சாயலை மூன்று இடங்களில் நீங்களே துடைத்துப் போட்டுவிட்டு, நான்காவது இடத்தில் கிளிசரினைக் கொண்டு அதைத் திரும்ப அழைக்கப் பார்க்கிறீர்கள். போனது அந்த வழியில் திரும்பாது.

முதலில் ஊறலுக்கு வருவோம். சோளமால்ட் நம் நாட்டில் எளிதில் கிடைக்கும் நல்ல பொருள்தான். ஆனால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளில் ஒன்றான பீட்டா அமிலேஸ் அதில் பார்லி மால்ட்டில் உள்ளதைவிடக் குறைவு. ஐந்து பங்கு மீலிக்கு ஒரு பங்கு சோளமால்ட் என்றால் உடையாத மாவுச்சத்து மிஞ்சும். மிஞ்சியது கொதிகலனின் அடியில் பிடிக்கும். மீலி மாவைக் கொதிநிலை வரை கொண்டுபோய்க் கஞ்சியாகத் திரண்டு வேகவிட்டு, 65 டிகிரிக்கு ஆறிய பிறகு பார்லி மால்ட்டைக் கலந்து, ஒன்றரை மணி நேரம் அந்தச் சூட்டிலேயே மூடி வையுங்கள். பிறகு வெள்ளைத் தட்டில் ஒரு கரண்டி ஊறலை எடுத்து ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். நீலக்கருப்பாக மாறினால் இன்னும் உடையவில்லை என்று பொருள். அயோடினின் பழுப்பு நிறமே நின்றால் ஈஸ்ட் போடலாம்.

துணியில் வடிகட்டுவது சரிதான். ஆனால் மாவு வண்டல் முழுவதும் அடங்க இரண்டு நாள் விட்டு, மேல்தெளிவை மட்டும் கொதிகலனில் ஊற்றுங்கள். மின்சூடேற்றியின்மேல் மாவு ஒருமுறை கருகிவிட்டால் அந்தத் தீய்ந்த வாடை கடைசிச் சொட்டு வரை தொடரும். எந்தக் கரியாலும் அதை எடுக்க முடியாது. நொதிக்கும் நாட்களில் வெப்பம் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கடற்கரையில் பிப்ரவரி மாதப் புழுக்கத்தில் ஈஸ்ட் தவித்துத் தேவையில்லாததை எல்லாம் உண்டாக்கும்; என்னைக் கேட்டால் நம் குளிர்காலமான மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரைதான் வோட்காவுக்கு ஊறல் போட வேண்டும்.

இனி முக்கியமான இடம், வடிப்பைப் பிரிப்பது. முதலில் வரும் தலை எங்கே முடிகிறது, குடிக்கத் தக்க நடு எங்கே தொடங்குகிறது, இறுதியில் வரும் கடை எங்கே எட்டிப் பார்க்கிறது என்பதை வெப்பமானியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டாம் வடிப்பு முழுவதையும் 250 மில்லிலிட்டர் அளவுள்ள சிறு குப்பிகளில் வரிசையாகப் பிடித்து, ஒவ்வொன்றிலும் எண் எழுதி, மெல்லிய துணியால் மூடி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் காலை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தேக்கரண்டி எடுத்து, மூன்று தேக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் சேர்த்து முகர்ந்து பாருங்கள். 95 விழுக்காட்டில் சாராயமே மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். 25 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கினால்தான் மற்றவை பேசும். நகப்பூச்சைக் கழுவும் திரவத்தின் வாடை இருக்கும் வரை தலை. முதல் 100 மில்லிலிட்டரை முகரக்கூட வேண்டாம், தனியே எடுத்துக் கழித்துவிடுங்கள். ஈரச் சாக்கு, நனைந்த அட்டை போன்ற வாடை தொடங்கும் இடம் கடை. அதற்குச் சற்று முன்னால் இரண்டு மூன்று குப்பிகளில் மட்டும், புதிதாக அரைத்த மாவை முறத்தில் புடைக்கும்போது எழுகிற மணம் ஒன்று இருக்கும். தூய்மைக்குப் பயந்து பெரும்பாலோர் ஒதுக்கி வைக்கும் அந்தக் குப்பிகளில்தான் நீங்கள் தேடுகிற கனம் இருக்கிறது.

அதோடு ஒன்று செய்யுங்கள். முதல் வடிப்பிலிருந்து இரண்டு லிட்டரைத் தனியே வைத்து, தூணின் செம்பு வலையை எடுத்துவிட்டு, வெறும் பானையில் வடிப்பதுபோல மெதுவாக வடியுங்கள். 65 முதல் 75 விழுக்காடு வரை வருகிற நடுப்பகுதியில் மீலியின் முழு மணமும் இருக்கும். தனியாகக் குடிக்க அது முரட்டுச் சரக்கு. ஆனால் தூணில் வடித்த தூய சாராயத்தில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு கலந்தால், எங்கிருந்து வருகிறது என்று தெரியாத அளவில் சுவைக்கு அடித்தளம் போட்டுவிடும். கரியில் வடிகட்டுவதானால் தூய சாராயத்தை மட்டும் ஒருமுறை வடிகட்டுங்கள். இந்த மணச்சரக்கைக் கரிக்குப் பிறகே சேருங்கள்.


மறுமொழி
லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை நான் வழிமொழிகிறேன். வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்தவள் என்ற முறையில் கிளிசரின், தண்ணீர், கரி ஆகிய மூன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கிளிசரின் விஷயத்தில் உங்கள் நாக்கு மிகச் சரியாகச் சொல்லியிருக்கிறது, தம்பி. வெள்ளை வைனில் கிளிசராலைக் கலந்து சுவைக்கச் செய்து 1984இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, லிட்டருக்கு ஏறக்குறைய 5 கிராம் கூடினாலே நாக்கு இனிப்பை உணர்கிறது என்றும், தடிப்பு கூடியதை உணர ஏறக்குறைய 26 கிராம் தேவைப்படுகிறது என்றும் காட்டியது. நீங்கள் சேர்த்த 5 மில்லிலிட்டரின் எடை 6 கிராமுக்குச் சற்று அதிகம். வைனும் வோட்காவும் ஒன்றல்ல என்றாலும், இனிப்பு தெரிந்து கனம் தெரியாமல் போனதற்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன். ஊறலில் ஈஸ்ட் உண்டாக்கும் கிளிசரால் வடிப்பில் ஏறி வந்து வழவழப்பைத் தருகிறது என்று பலர் நம்புகிறார்கள். கிளிசராலின் கொதிநிலை 290 டிகிரி. அது கொதிகலனிலேயே தங்கிவிடும்.

அப்படியானால் இயல்பான தடிப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். சாராயமும் தண்ணீரும் கலக்கும்போது தனித்தனியே இருந்ததைவிட இரண்டும் தடிக்கின்றன. எடையளவில் 45 விழுக்காட்டை ஒட்டி அந்தத் தடிப்பு உச்சத்தைத் தொடுகிறது. 43 விழுக்காடு வோட்கா எடையளவில் ஏறக்குறைய 36 விழுக்காடு. அறை வெப்பத்தில் அதன் தடிப்பு தண்ணீரைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். ஐரோப்பிய ஒன்றியத்தில் வோட்காவுக்குக் குறைந்தபட்சம் 37.5 விழுக்காடு போதும். நம் நாட்டுச் சட்டம் 43 கேட்கிறது. வழவழப்பைத் தேடுகிற உங்களுக்கு இது அனுகூலமே. சுருக்கென்று குத்துவதைக் குறைப்பதற்காக 43க்குக் கீழே இறக்காதீர்கள். குத்துவது பெரும்பாலும் சாராயத்தின் வலிமையால் அன்று, தப்பி வந்த தலைப்பகுதியால்.

உங்கள் வெண்மூட்டத்துக்கு வருகிறேன். குழாய்த் தண்ணீரை வோட்காவில் ஊற்றவே கூடாது. உங்கள் பக்கத்துக்கு வரும் தண்ணீர், எங்களுக்கு வால் ஆற்றிலிருந்து வருவதைவிட மென்மையானதாக இருக்கலாம். ஆனாலும் அதில் கரைந்துள்ள சுண்ணாம்பு உப்புகள் சாராயத்தில் கரைய முடியாமல் வெளியே வந்து மூட்டமாக நிற்கும். குளோரின் வாடை வேறு. கடையில் கிடைக்கும் உப்பு நீக்கிய தண்ணீரை வாங்குங்கள். 95 விழுக்காட்டுச் சாராயம் ஒரு லிட்டரை 43க்கு இறக்க ஏறக்குறைய 1.27 லிட்டர் தண்ணீர் வேண்டும். வெறும் பெருக்கல் கணக்கில் 1.21 என்றுதான் வரும், ஆனால் இரண்டும் கலக்கும்போது சுருங்குவதால் அது போதாது. சாராயத்தில் தண்ணீரை ஒரே வீச்சில் கொட்டாமல், நான்கைந்து தடவையாக, இடையிடையே சூடு தணியவிட்டுச் சேருங்கள். கலந்த அன்றைக்கே சுவைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் இரண்டு வாரம் இருட்டில் வையுங்கள்.

முற்றிலும் உப்பு நீக்கிய தண்ணீரில் சிலருக்கு ஒரு வெறுமை தோன்றும். அதற்கு ரஷ்ய வடிப்பாலைகள் நெடுநாளாகக் கையாளும் வழி ஒன்று சமையல் சோடாவைத் துளியளவு சேர்ப்பது. ஒரு கிராம் சோடாவை 100 மில்லிலிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு மில்லிலிட்டர் 10 மில்லிகிராமுக்குச் சமம். லிட்டர் வோட்காவுக்கு இரண்டு மில்லிலிட்டரில் தொடங்குங்கள், ஐந்தைத் தாண்டாதீர்கள். தாண்டினால் சவர்க்காரச் சாயல் வந்துவிடும். சர்க்கரை சேர்ப்பதும் குற்றமன்று. அமெரிக்க விதி லிட்டருக்கு 2 கிராம் வரையிலும், ஐரோப்பிய விதி 8 கிராம் வரையிலும் அனுமதிக்கின்றன. ஆயினும் அது கடைசியில் எடுக்க வேண்டிய கருவி; தலையைச் சரியாக வெட்டாத வோட்காவில் சர்க்கரை போட்டால் தித்திப்பான தலைதான் கிடைக்கும்.

கரியைப் பற்றி எனக்கு ஐயாவைவிடச் சற்றுக் கடுமையான கருத்து உண்டு. கரி சாராயத்தின் வாடையை உறிஞ்சும் என்பதை வேதியியலாளர் லோவிட்ஸ் 1785இல் கண்டறிந்த காலத்திலிருந்து அது வோட்காவின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஆனால் கெட்டது எது, நல்லது எது என்று கரிக்குத் தெரியாது. அதோடு, கரியின் மேற்பரப்பில் காற்றும் சாராயமும் நெடுநேரம் கூடியிருந்தால் சாராயம் ஆல்டிஹைடாக மாறும், அதாவது எடுக்க வந்த கூர்மையைக் கரியே உண்டாக்கும். ஆகவே கரியில் ஓடவிடுங்கள், ஊறவிடாதீர்கள். புதுக் கரியைக் கொதிநீரில் பலமுறை கழுவி, கழுவிய நீர் தெளிந்த பிறகே பயன்படுத்துங்கள். நன்றாக வெட்டிய நடுப்பகுதிக்குக் கரியே வேண்டாம் என்பது என் முடிவு.

எங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீரே 95 டிகிரிக்குக் கீழே கொதித்துவிடும். சாராயத்தின் கொதிநிலை என்று இணையத்தில் யாரோ எழுதிய 78.3 டிகிரியை நம்பி நான் முதல் வடிப்பில் தலையையும் நடுவையும் பிரிக்கத் தெரியாமல் கலந்துவிட்டேன். குப்பியும் மூக்கும்தான் வழி என்று ஐயா சொல்வதை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு நான்கு லிட்டர் வீணாகியிருக்காது.


மறுமொழி
பீனிக்ஸ், டர்பன்

சுவையைப் பற்றிச் சொல்ல எனக்கு இவ்வளவு தெரியாது. ஒரு எச்சரிக்கையை மட்டும் சேர்க்கிறேன். லோட் ஷெடிங் எனும் சுழற்சி மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023ஆம் ஆண்டில், இரண்டாம் வடிப்பின் நடுவில் மின்சாரம் நின்றது. இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது சூடேற்றி தானாகவே எரியத் தொடங்கியது. குளிர்நீரை இறைக்கும் சிறிய பம்போ பொத்தானை அழுத்தினால்தான் ஓடும் வகையைச் சேர்ந்தது. நான் வீட்டுக்குள் இருந்தேன். கொட்டகைக் கதவைத் திறந்தபோது தூணின் வாயிலிருந்து ஆவி சீறிக்கொண்டிருந்தது, கண் எரிந்தது. ஒரு தீப்பொறி போதும், அந்தக் கூரை மிஞ்சியிருக்காது. மின்சாரம் நின்றால் சூடேற்றியின் செருகியைப் பிடுங்கிவிட்டுத்தான் அந்த இடத்தை விட்டு நகர வேண்டும். சூடேற்றியும் பம்பும் ஒரே இணைப்பில், கையால் திரும்ப இயக்கினால் மட்டுமே ஓடும்படி இருக்கட்டும். கொட்டகையின் இரண்டு பக்கமும் காற்று போகட்டும், தீயணைப்பானைக் கதவுக்கு வெளியே மாட்டுங்கள். நடுவில் தூண் ஆறிப்போனால் அடுக்குகள் எல்லாம் குலைந்துவிடும் என்பதால், மறுபடி தலையை எடுத்துக் கழித்துவிட்டே தொடர வேண்டும்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி
டோங்காட், ஏழு வாரங்களுக்குப் பிறகு

ஐயாவுக்கும் அக்காவுக்கும் பீனிக்ஸ் அன்பருக்கும் என் மனமார்ந்த நன்றி. சொன்னபடி செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். சூடேற்றியையும் பம்பையும் முதலில் ஒரே இணைப்புக்கு மாற்றினேன். அதற்குப் பிறகே ஊறலைத் தொட்டேன்.

பார்லி மால்ட்டுக்கு மாறியதும் முதல் வேறுபாடு அயோடின் தட்டிலேயே தெரிந்தது. முன்பு நான் நொதிக்க விட்ட ஊறல்களை இப்படிச் சோதித்திருந்தால் எல்லாமே நீலமாகியிருக்கும் என்று இப்போது புரிகிறது. மூன்று ஊறல்களின் முதல் வடிப்பைச் சேர்த்து இரண்டாம் வடிப்புக்கு ஏற்றியதில் 21 குப்பிகள் வந்தன. அன்று மாலையே பொறுமையில்லாமல் முகர்ந்தபோது ஐந்தாம் குப்பி நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலை வெதுநீர் சேர்த்து முகர்ந்தபோது அதே ஐந்தாம் குப்பியில் நகப்பூச்சு வாடை மெல்லியதாக, ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல் இருந்தது. இத்தனை நாளும் என் தொண்டையைப் பிடித்தது இதுதான். ஆறாவதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

மறுமுனையில் பதினெட்டாம் குப்பியில் ஈரச் சாக்கு தொடங்கிவிட்டது. பதினாறிலும் பதினேழிலும் ஐயா சொன்ன அந்த மாவு மணம் இருந்தது. என் அம்மாவைக் கூப்பிட்டு, என்னவென்று சொல்லாமல் பதினாறை முகரக் கொடுத்தேன். வறுத்த மீலி மாவு என்றார்கள். இரண்டையும் நடுவோடு சேர்த்தேன். கரியில் வடிகட்டவில்லை. வெறும் பானையில் வடித்த மணச்சரக்கை நூற்றுக்கு மூன்று, நான்கு, ஐந்து என மூன்று புட்டிகளில் கலந்து, உப்பு நீக்கிய தண்ணீரில் 43க்கு இறக்கி, இரண்டு வாரம் அலமாரியில் வைத்தேன். மூட்டம் எதுவும் வரவில்லை.

ஐந்தில் மீலி முன்னால் வந்து நிற்கிறது. அது வேறு ஒரு பானமாகிவிடுகிறது. மூன்றில் முதல் வாயில் எதுவும் தெரியாமல், விழுங்கிய பிறகு அடிநாக்கில் இலேசான இனிமை எழுந்து அடங்குகிறது. சுருக்கு இல்லை, தொண்டையில் இளஞ்சூடு மட்டும் இறங்குகிறது. இதையே நான் இரண்டு ஆண்டுகளாகத் தேடினேன். சர்க்கரையோ சோடாவோ இன்னும் சேர்க்கவில்லை.

ஒரே ஒரு ஐயம் மிச்சம். உறைபெட்டியில் வைத்து எடுத்த மூன்று விழுக்காட்டுப் புட்டி, நெய்போல் தடித்து மிக அழகாக ஊற்றுகிறது. ஆனால் அந்தக் கடைசி இனிமை காணாமற்போகிறது. இது என் நாக்கின் குறையா, வோட்காவின் குறையா?


மறுமொழி
லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்

இரண்டுமில்லை, தம்பி. குளிரில் தடிப்பு பலமடங்கு கூடும், மணம் ஆவியாவது குறையும். ஆகவே வாய்க்குக் கிடைப்பதை மூக்கு இழக்கிறது. உறைபெட்டியை விட்டு, சாதாரணக் குளிர்பெட்டியின் 5 டிகிரியில் வைத்து, சிறிய கண்ணாடிக் குவளையில் ஊற்றிய பின் ஐந்து நிமிடம் பொறுத்துச் சுவையுங்கள். அதிலும் இனிமை போதவில்லை என்றால், நான்கு விழுக்காட்டுப் புட்டியைக் குளிரில் குடிப்பதற்கும் மூன்று விழுக்காட்டை அறை வெப்பத்துக்கும் என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஊறலில் மீலியில் ஒரு கிலோவைக் குறைத்து அந்த இடத்தில் கோதுமையைச் சேர்த்துப் பாருங்கள். பதினாறாம் குப்பியின் மணம் எப்படி மாறுகிறது என்று அறிய எனக்கும் ஆவலாக இருக்கிறது.